எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: டீசரை விட்டுவிட்டு ஸ்கைரிமுக்குள் இருக்கும் புத்தகங்களைத் திறங்கள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரில் ஐந்தாவதான ஸ்கைரிம் மட்டும் ஆடியிருக்கும் ஒருவர் கேட்கிறார்: அடுத்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஹேமர்ஃபெல் என்ற மாகாணத்தில்தான் நடக்கும் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்களே, அதற்கு ஆதாரம் அந்தச் சின்ன டீசர் மட்டும்தானா, இல்லை இதுவரை வந்த லோரை, அதாவது அந்தக் கேம் உலகத்தின் வரலாற்றை, வைத்தே ஏதாவது சொல்ல முடியுமா, கதை எதைப் பற்றி இருக்கும்?

லோரை வைத்தே நிறையச் சொல்ல முடியும். என்னைக் கேட்டால் டீசரைவிட லோர்தான் வலுவான சாட்சி.

முதலில் அதிகாரப்பூர்வமாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், அது ரொம்பக் கொஞ்சம்தான். 2018 ஜூனில் ஈ3 நிகழ்ச்சியில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் ஒரு டீசர் வந்தது. வறண்ட மலைகள், மூடுபனி, ஒரு கடற்கரை, கடைசியில் தலைப்பு, அவ்வளவுதான். துணைப்பெயர்கூடக் கிடையாது. 2023 ஆகஸ்டில் ஆரம்பத் திட்டமிடல் கட்டம் முடிந்து தயாரிப்பின் தொடக்க நிலைக்குள் வந்துவிட்டது என்று கேமைத் தயாரிக்கும் பெதெஸ்டா சொன்னது. 2024 மார்ச்சில், தொடரின் 30ஆவது ஆண்டு நிறைவில், தொடக்கநிலைப் பதிப்பை உள்ளே தாங்களே ஆடிப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இது தவிர 2020இன் கடைசி நாளில் ஸ்கைரிம் வரைபடத்தின் மேல் மெழுகுவர்த்திகள் வைத்த ஒரு படம், 2021இல் பெதெஸ்டாவின் இன்னொரு கேமான ஸ்டார்ஃபீல்டின் டிரெய்லரில் ஒரு பலகையின் மேல் ஹேமர்ஃபெல் வடிவத்தில் ஒரு கீறல் என்று ரசிகர்கள் சேர்த்து வைத்தவை உண்டு. இவற்றின் மேல் ரொம்பப் பாரம் ஏற்றாதீர்கள். 2018 செப்டம்பரில் பெதெஸ்டாவின் தாய் நிறுவனம் ‘ரெட்ஃபால்’ என்று ஒரு பெயரைப் பதிவு செய்தபோது, ஹேமர்ஃபெல் மக்களான ரெட்கார்டுகளின் பெயரில் பாதி ஹேமர்ஃபெல்லில் பாதி, இதுதான் துணைப்பெயர் என்று எத்தனையோ பேர் சத்தியம் செய்தார்கள். அது 2023 மே மாதம் வேறொரு ஸ்டூடியோவின் ரத்தக் காட்டேரி கேமாக வெளிவந்தது.

அதனால் சின்னங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, கதை எழுதுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். ஸ்கைரிமுக்கு அடுத்த கதையை எழுத உட்காருகிறவருக்கு முதல் நாளே ஒரு பெரிய தலைவலி காத்திருக்கிறது: உள்நாட்டுப் போரில் யார் ஜெயித்தார்கள்? பேரரசா, அதை எதிர்த்த ஸ்டார்ம்க்ளோக் கிளர்ச்சிக்காரர்களா? இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோடிக்கணக்கான ஆட்டக்காரர்களில் பெரும் பகுதியினரின் முடிவு பொய்யாகிவிடும். அதோடு டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரச் சங்கத்தின் குவெஸ்டை (பணி வரிசையை) முடித்தவர்களின் உலகத்தில் பேரரசர் இரண்டாம் டைட்டஸ் மீட் இறந்துவிட்டார், முடிக்காதவர்களின் உலகத்தில் உயிரோடு இருக்கிறார். தொடரின் இரண்டாவது கேமான பழைய டேகர்ஃபாலில் இதே சிக்கல் வந்தபோது, காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்று எழுதித் தப்பித்தார்கள். அழகான யோசனைதான். ஆனால் அதை ஒரு தடவைதான் செய்ய முடியும். ஒவ்வொரு கேமுக்கும் காலத்தை முறித்தால் ஆடுகிறவர் எடுக்கும் எந்த முடிவுக்கும் மதிப்பே இருக்காது.

இப்போது இந்தக் கேம்கள் நடக்கும் டாம்ரியல் கண்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். பேரரசுக்கும் சேராமல், அதன் எதிரியான எல்ஃப்களின் ஆல்ட்மெரி டொமினியனுக்கும் சேராமல், மைய அரசியலில் நேரடியாக மாட்டிக்கொண்டிருக்கும் மாகாணம் எது? ஹேமர்ஃபெல். ஸ்கைரிமின் தலைநகர் சாலிட்யூடில் எந்தக் கொடி பறந்தாலும் ஹேமர்ஃபெல் பேரரசை விட்டு வெளியேறியாயிற்று. பேரரசர் செத்தாலும் பிழைத்தாலும் அங்கே இருப்பவர்களுக்கு அவர் தங்களைக் கைவிட்ட மனிதர்தான். வடக்கே ஸ்கைரிமின் நார்டுகள் அடித்துக்கொண்டார்கள் என்று ஒரு வியாபாரி பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் போதும், யாருடைய ஸ்கைரிமும் கெடாது. என் வாதத்தின் நடுத்தூண் இதுதான்.

அது எப்படி வெளியேறியது என்ற கதை ஸ்கைரிமுக்குள்ளேயே ஒரு புத்தகத்தில் இருக்கிறது, ‘தி கிரேட் வார்’ என்று பெயர். நிறையப் பேர் எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் படிக்காமலே விற்றிருப்பார்கள். எழுதியவர் ஒரு பேரரசுப் படை அதிகாரி, அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நான்காம் யுகம் 171இல் டொமினியன் பேரரசுக்கு ஓர் இறுதி எச்சரிக்கை அனுப்புகிறது, பேரரசர் மறுக்கிறார், போர் வெடிக்கிறது. ஒரு படை பேரரசின் மைய மாகாணமான சிரோடீலுக்குள், இன்னொரு படை அரனெல்யா என்ற தளபதியின் கீழ் ஹேமர்ஃபெல்லுக்குள். தென்கரை நகரங்கள் ஒவ்வொன்றாக விழ, ஹெகேத் மட்டும் தாக்குப்பிடிக்கிறது. அப்புறம் ஸ்கேவன் நகருக்கு வெளியே பேரரசுத் தளபதி டெசியானஸ் அந்தப் படையை எதிர்கொள்கிறார், இரு தரப்பும் ரத்தம் சிந்தியும் முடிவு எட்டவில்லை. இந்த நேரத்தில் தலைநகரைக் காக்க டெசியானஸைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அவர் உத்தரவை மீறவில்லை, ஆனால் கிளம்புவதற்கு முன்னால் நல்ல வீரர்கள் ஏராளமானவர்களை ‘உடல்தகுதி இழந்தவர்கள்’ என்று கணக்குக் காட்டி விடுவித்துவிட்டுப் போகிறார். அவர்கள்தான் பிறகு அரனெல்யாவின் படையை அலிக்கர் பாலைவனத்தின் குறுக்கே விரட்டியடித்த படையின் மையம். அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு குவெஸ்ட் வரிசையே இருக்கிறது. பேரரசின் சம்பளத்தை உதறிவிட்டுப் பாலைவனத்தில் தங்கிப்போன அந்தக் கிழட்டு வீரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது ஹேமர்ஃபெல்லில் எந்த நிலையில் இருப்பார்கள்? பேரரசை வெறுக்கும் நாட்டில் பேரரசு முகத்தோடு வாழும் தியாகிகள். எனக்கு முதலில் பார்க்க ஆசையாக இருப்பது இவர்களைத்தான்.

175இல் பேரரசு தலைநகரை மீட்டுவிட்டு, உடனே வெள்ளைத்தங்க உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. கடவுளாக வணங்கப்பட்ட பேரரசர் டேலோஸின் வழிபாட்டுக்குத் தடை, பேரரசரின் காவலர்களான பிளேட்ஸ் கலைப்பு, கூடவே தெற்கு ஹேமர்ஃபெல்லின் பெரும் பகுதி டொமினியனுக்கு. டொமினியன் படை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மண்ணின் பெரும் பகுதியைக் கையெழுத்தால் கொடுத்தார்கள். ரெட்கார்டுகள் ஏற்கவில்லை. சமாதானத்தைக் காப்பாற்ற டைட்டஸ் மீட் ஹேமர்ஃபெல்லையே பேரரசிலிருந்து விலக்கினார். அவர்கள் தனியாக இன்னும் ஐந்து வருடம் சண்டை போட்டு, தெற்கு முழுவதும் நாசமான பிறகு, 180இல் இரண்டாம் ஸ்ட்ரோஸ் மகாய் உடன்படிக்கையில் டொமினியனைப் பின்வாங்க வைத்தார்கள். இரண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? முதலாவது, 1998இல் வந்த ‘ரெட்கார்ட்’ கேமின் கதையோடு வருவது. சைரஸ் என்ற கப்பல்காரர் அந்தத் தீவில் பேரரசுக்கு எதிராக எழுந்த கதை. ஒரே தீவில் ஒரு தடவை பேரரசும் இன்னொரு தடவை டொமினியனும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்திருக்கின்றன. 2011இல் ஸ்கைரிமுக்குப் புத்தகம் எழுதியவர்கள் 1998 கேமை இப்படி நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பதே, அந்த மாகாணத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

பக்கத்து மாகாணமான ஹை ராக்கும் சேர்ந்து வரும், இலியாக் விரிகுடாவின் இரண்டு கரையும் கிடைக்கும் என்று ஒரு கட்சி இருக்கிறது. டேகர்ஃபால் கேம் அப்படித்தான் இருந்தது, டீசரின் கடற்கரைக்கும் அது பொருந்தலாம். எனக்கும் ஆசைதான், ஆனால் லோர் குறுக்கே நிற்கிறது. ஸ்கைரிம் நடக்கும் 201இல் ஹை ராக் இன்னும் பேரரசின் மாகாணம். அதன் நிலவழி அண்டை நாடுகள் என்றால் ஸ்கைரிம், ஹேமர்ஃபெல், நடுவில் மலைகளில் ஓர்க்குகள். ஹேமர்ஃபெல் ஏற்கெனவே போயாயிற்று. ஸ்டார்ம்க்ளோக் ஜெயித்திருந்தால் ஹை ராக் பேரரசிலிருந்து தரைவழியில் முழுசாகத் துண்டிக்கப்பட்டுவிடும். பேரரசு ஜெயித்திருந்தால் ஸ்கைரிம் வழியாகப் படையும் வரியும் வழக்கம்போலப் போய்வரும். அதாவது ஹை ராக்கை முழு மாகாணமாக உள்ளே கொண்டுவந்தால், உள்நாட்டுப் போருக்கு விடை சொல்லாமல் தப்ப முடியாது. விரிகுடாவின் நடுவில் இருக்கும் பால்ஃபியெரா தீவு மட்டும் வரலாம். டாம்ரியலின் மிகப் பழைய கட்டடமான அடமண்டைன் கோபுரம் அங்கேதான் நிற்கிறது.

மற்ற மாகாணங்களைச் சீக்கிரமாகத் தள்ளிவிடலாம். சம்மர்செட், வேலன்வுட் இரண்டும் டொமினியனின் உள்வீடு, எல்ஸ்வெயிர் அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் இரண்டு ராஜ்ஜியங்கள். எந்த இனத்தவராகவும் ஆடலாம் என்ற தொடரின் சுதந்திரம் அங்கே திணறும். பிளாக் மார்ஷ் சதுப்புக்காடு, டீசரில் பார்த்த வறண்ட மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கதை எதைப் பற்றி? இதற்கும் ஸ்கைரிமில் ஒரு விதை இருக்கிறது. வைட்ரன் நகர வாசலில் அலிக்கர் வீரர்கள் ஒரு ரெட்கார்ட் பெண்ணைத் தேடி நிற்பார்களே, அந்த குவெஸ்ட். சாடியா என்ற பெயரில் விடுதியில் வேலை பார்க்கும் அந்தப் பெண், தான் டொமினியனுக்கு எதிராகப் பேசியதால் துரத்தப்படுவதாகச் சொல்கிறாள். தேடிவந்த கேமட்டு, அவள்தான் டானெத் நகரத்தை டொமினியனுக்குக் காட்டிக்கொடுத்தவள் என்கிறான். யார் சொல்வது உண்மை என்று கேம் கடைசி வரை சொல்லாது. பதினைந்து வருடமாக எல்லோரும் அதைப் பற்றியே சண்டை போடுகிறோம், ஆனால் என் கண்ணில் அதைவிடப் பெரிய விஷயம் கேமட்டு போகிறபோக்கில் சொல்லும் இன்னொரு வார்த்தை. ஹேமர்ஃபெல்லில் டொமினியனுக்கு எதிரான எதிர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்கிறான். நடப்பது 201. டொமினியன் பின்வாங்கியது 180. படை போய் இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் யாரை எதிர்க்கிறார்கள்? படை போனாலும் டொமினியனை ஆளும் தால்மோரின் பணமும் ஆட்களும் தென்கரைக் குடும்பங்களுக்குள் இருக்க வேண்டும் என்று நான் அதைப் படிக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் காற்றில் வந்தது இல்லை. தால்மோர் எப்படி வேலை செய்வார்கள் என்பதை ஸ்கைரிமிலேயே அவர்கள் தூதரகத்தில் ஸ்டார்ம்க்ளோக் தலைவன் உல்ஃப்ரிக்கைப் பற்றிய கோப்பில் படித்திருப்பீர்கள். ஜெயிப்பதைவிட எதிரிகள் ஒருவரையொருவர் தின்பதுதான் அவர்களுக்கு லாபம்.

ஹேமர்ஃபெல்லில் அப்படிப் பிளக்க ஒரு கோடு தயாராகவே இருக்கிறது. மேற்கே மூழ்கிப்போன யொகூடாவிலிருந்து ரெட்கார்டுகள் வந்தபோது முன்னால் சண்டை போட்டு நிலத்தைப் பிடித்த வீரர்களின் வழிவந்தவர்கள் ஃபோர்பேர்ஸ், பின்னால் வந்த அரச குடும்பங்களின் வழியினர் கிரவுன்ஸ். கிரவுன்ஸ் பழைய வழக்கத்தை விடாதவர்கள், ஃபோர்பேர்ஸ் பேரரசோடு கலந்து வாழப் பழகியவர்கள். பல நூற்றாண்டுப் பகை. ‘தி கிரேட் வார்’ சொல்லும் அந்தப் பெரும்போரில் ஃபோர்பேர்ஸ் நகரமான சென்டினல் படை அனுப்பி, கிரவுன்ஸ் நகரமான ஹெகேத்தின் முற்றுகையை உடைத்தது, அதிலிருந்துதான் இருவரும் ஒன்றுசேர்ந்தார்கள். எதிரி வாசலில் நின்றபோது வந்த ஒற்றுமை அது. எதிரி போய் ஒரு தலைமுறை ஆன பிறகு, நாசமான தெற்கை யார் செலவில் கட்டுவது, யார் அரசன் என்ற கேள்விகள் எழும்போது அது தாங்குமா? மெயின் குவெஸ்ட் இங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நாயகன் யார் என்பதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்கும் வரியும் லோரிலேயே கிடைக்கிறது. ஸ்கைரிம் நாயகனின் டிராகன்பார்ன், மோரோவிண்ட் நாயகனின் நெரெவாரின் மாதிரி இங்கே ஒரு பட்டம் வேண்டும். ரெட்கார்டு கடவுள்களில் ஹூன்டிங் என்று ஒருவர் உண்டு, ‘வழிவிடு’ என்பதற்கான கடவுள். தன் மக்களுக்கு வழி அடைபடும்போதெல்லாம் உருவெடுத்து வருவார். பொருத்தமான ஆள்தான், ஆனால் ஆடுகிறவர் ஓர் ஆல்ட்மெராகவோ பூனை முகக் காஜீட்டாகவோ இருந்தால்? ரெட்கார்டுகளின் கடவுள் ஓர் உயர் எல்ஃப் உடம்பில் வந்தார் என்றால் ஹெகேத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள்? மோரோவிண்ட் காலத்திலிருந்தே கேமுக்குள் இருக்கும் ‘வெரைட்டீஸ் ஆஃப் ஃபெய்த்’ என்ற புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஹூன்டிங் இதுவரை மூன்று தடவைதான் வந்திருக்கிறார், இரண்டு முறை முதல் யுகப் படையெடுப்பில், ஒரு முறை பேரரசை நிறுவிய டைபர் செப்டிமின் போர்க்காலத்தில். அந்த மூன்றாவது முறை அவர் வந்தது ஒரு வாளாகவோ கிரீடமாகவோ, அல்லது இரண்டுமாகவோ என்கிறது புத்தகம். அதாவது மனிதனாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பொருளாக வரலாம், அதை ஏந்துகிறவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். ஏந்தியவர் தகுதியானவரா இல்லையா என்று கிரவுன்ஸும் ஃபோர்பேர்ஸும் மோதிக்கொள்ளலாம். வாள், கிரீடம் என்ற இரண்டு சொல்லும் அந்த இரண்டு கட்சிகளின் குணத்துக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். நான்காவது வருகையை பெதெஸ்டா எடுக்கவில்லை என்றால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று. ஸ்கைரிமில் பிளேட்ஸ் கிழவர் எஸ்பெர்ன் அல்டுயின் சுவர் என்ற பழைய செதுக்குச் சுவரைப் படித்துக் காட்டும் இடத்தில் வரும் தீர்க்கதரிசனம், அரீனாவிலிருந்து ஸ்கைரிம் வரை ஐந்து கேம்களையும் வரி வரியாக அடக்கியிருக்கிறது: ஆட்சி தவறுவது, பித்தளைக் கோபுரம் நடப்பது, சிவப்புக் கோபுரம் நடுங்குவது, வெள்ளைக் கோபுரம் விழுவது, பனிக் கோபுரம் ரத்தம் சிந்துவது, அப்புறம் கடைசி டிராகன்பார்ன். ஆறாவது கேமுக்கு அதில் வரியே இல்லை. அந்தச் சுவர் முடிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை உலகம் அழியப்போகிறது என்ற மிரட்டல் இல்லாமல், ஒரு நாடு பிழைக்குமா என்ற அளவிலேயே கதையை நிறுத்த அவர்களுக்கு இடம் இருக்கிறது. தால்மோர் இந்தக் கோபுரங்களை எல்லாம் உடைத்து உலகத்தையே கலைக்கப் பார்க்கிறார்கள், கடைசிக் கோபுரம் அடமண்டைன், அதனால் கதை அங்கேதான் முடியும் என்று ஒரு பிரபலமான கொள்கை சுற்றுகிறது. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் தால்மோரின் அந்த நோக்கம் பற்றிய பகுதி, தொடரில் முன்பு வேலை செய்த ஓர் எழுத்தாளர் கேமுக்கு வெளியே எழுதியது. கோபுரங்கள் முக்கியம் என்பதற்கு கேமுக்குள் சாட்சி உண்டு, தால்மோரின் திட்டம் அதுதான் என்பதற்கு அந்த அளவுக்கு இல்லை. அதை வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆடும் விதத்தைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் யாரும் இதைப் பேசுவதில்லை. ஸ்கைரிமில் கல்லறைக்குள் போய் டிராகர் என்ற எழுந்து நடக்கும் பிணங்களை வெட்டுவதுதான் பாதி கேம். ஹேமர்ஃபெல்லில் அது பெரும் பாவம். இறந்த முன்னோர் எழுந்து வந்து தாக்கினாலும் அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் அலிக்கர் பகுதி ஆடியவர்களுக்கு ஆஷாபா என்ற குலம் நினைவிருக்கும். எழுந்து வரும் பிணங்களை அடக்கும் வேலையை அவர்கள் செய்கிறார்கள், செய்வதாலேயே தீட்டுப்பட்டவர்களாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்படுகிறார்கள். எல்லோருக்கும் அவர்கள் வேண்டும், யாரும் அவர்களைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை பெதெஸ்டா ஒழுங்காகக் கேமுக்குள் கொண்டுவந்தால், ஒரு கல்லறைக்குள் வாளை உருவுவதே ஒரு முடிவாகிவிடும். வெளியே வந்ததும் கடைக்காரர் உங்களிடம் பேச மறுக்கலாம், ஊர்க் கோயில் கதவைச் சாத்தலாம், ஆஷாபா கூடாரத்தில் மட்டும் இடம் கிடைக்கலாம். கொல்ல எலும்புக்கூடு, எடுக்கத் தங்கம் என்று பழகிய நமக்கு இது பெரிய மாற்றமாக இருக்கும். பெரிய ஸ்டூடியோக்கள் இப்படிப்பட்ட சங்கடத்தை ஆட்டக்காரருக்குக் கொடுக்கப் பயப்படுவார்கள், அதனால் நடக்கும் என்று சொல்லவில்லை, நடக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ரெட்கார்டுகளின் பழைய வாள்வீரர்களான வாள்பாடகர்களின் ஷெஹாய், அதாவது மனதிலிருந்தே உருவாகும் ஆவி வாள், ஸ்கைரிமின் கர்ஜனைக்குப் பதிலாக வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வரலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே கையில் கொடுத்துவிட்டால் வீணாகிவிடும், அந்தக் கலை அழிந்துவிட்டது என்பதுதான் அதன் அழகே. மறைந்துபோன ட்வெமர் இனத்தின் இடிபாடுகள் நிச்சயம். ஹேமர்ஃபெல் என்ற பெயரே ட்வெமரின் ரூர்க்கன் குலத் தலைவன் வீசிய சுத்தியல் விழுந்த இடம் என்பதால் வந்தது, அந்த வோலென்ட்ரங் சுத்தியல் உங்கள் ஸ்கைரிம் பையிலேயே இருந்திருக்கும். கப்பல் ஓட்டுவதைப் பற்றிய வதந்திகளுக்கு லோர் தடை சொல்லாது, சைரஸின் ஊர் அது. ஸ்டார்ஃபீல்டில் விண்கப்பல் கட்டப் பழகிய குழு மரக்கப்பலை முயலாமல் இருக்குமா என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அது லோர் சொல்வதில்லை, என் ஆசை சொல்வது.

ஆண்டு எது என்று கேட்டால், 201க்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் என்பேன். முந்தைய கேமான ஆப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவில் 200 வருடம் தாண்டினார்கள்தான். இப்போது அப்படித் தாண்டினால் தால்மோர் என்ற பகையே ஆறிப்போய்விடும், பெரும்போரைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் யாரும் மிஞ்ச மாட்டார்கள், டெசியானஸ் விட்டுப்போன அந்த ‘உடல்தகுதி இழந்தவர்கள்’ உட்பட.

நான் சொன்னதை எப்படிச் சோதிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பெதெஸ்டா அடுத்து முழு வரைபடத்தைக் காட்டும்போது ஹை ராக் பக்கத்தில் ஒரு தீவைத் தாண்டி நிலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹை ராக் நகரங்களான டேகர்ஃபாலும் வேரெஸ்டும் நடந்துபோகிற ஊர்களாக உள்ளே இருந்தால் என் நடுத்தூண் சரிந்தது. அப்புறம் அந்த ஊர்ச் சுவர்களில் பேரரசின் கொடி தொங்குகிறதா என்று பாருங்கள், ஸ்கைரிமில் யார் ஜெயித்தார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.